'எனக்குத் தைராய்டு' என்று மட்டும் சொல்லாதீங்க

(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் சாம்பார் வாசனை வந்துவிட்டது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் கை தூக்குங்க. வெட்கப்படாதீங்க. வரிசைக்கு இரண்டு மூன்று கை தெரிகிறது. கையை இறக்காமல் ஒரு பதில் சொல்லுங்க. உங்களுக்குத் தைராய்டு கூடுதலா, குறைவா? பாத்தீங்களா, பாதிப் பேர் பக்கத்தில் இருக்கிற அக்கா முகத்தைப் பார்க்கிறீங்க.

"எனக்குத் தைராய்டு இருக்கு" என்று சொல்கிறோம். தைராய்டு எல்லோருக்கும்தான் இருக்கு. கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கிற சின்னச் சுரப்பி அது. எடை ஏறக்குறைய 20 கிராம். "எனக்கு ஈரல் இருக்கு" என்று யாரும் டாக்டரிடம் போய்ச் சொல்வதில்லை. ஆனால் இதை மட்டும் உறுப்பின் பெயரையே நோயின் பெயராக்கி வைத்திருக்கிறோம். அது சுரப்பது குறைந்தால் ஒரு நோய். கூடினால் அதற்கு நேரெதிரான நோய். மாத்திரையும் வேறு வேறு. குறைந்தவர்களுக்குத் தைராக்சின். கூடியவர்களுக்குப் பெரும்பாலும் கார்பிமசோல். மாற்றிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

குறைவான தைராய்டுதான் அதிகம் பேருக்கு. அதைப் பற்றி உங்கள் ஊர் நர்ஸம்மாவே சொல்லியிருப்பார்கள். கூடுதலாகச் சுரக்கிற பக்கத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதிலும் முக்கியமாக, அந்தக் கூடுதலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற ஆன்டிபாடி என்ற ஒன்றைப் பற்றி. அதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் வயிற்றில் வளரும் பிள்ளை வரைக்கும் பாதிப்பு போகும்.

உங்கள் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி இருக்கும். மோட்டார் போடுகிறவர் ஒருத்தர் இருப்பார். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் ஸ்விட்சை அழுத்துவார். நிரம்பினால் நிறுத்துவார். தைராய்டு அந்த மோட்டார். டி3, டி4 என்று லேப் சீட்டில் போட்டிருக்குமே, அவைதான் தண்ணீர். மோட்டார் போடுகிறவர் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி. அவர் ஸ்விட்சை அழுத்துகிற விரல்தான் டி.எஸ்.எச். அதனால்தான் தைராய்டு குறைந்தவர்களுக்கு டி.எஸ்.எச். ஏறியிருக்கும்: "தண்ணி வரலையே, தண்ணி வரலையே" என்று அவர் அழுத்திக்கொண்டே இருக்கிறார். தைராய்டு கூடியவர்களுக்கு டி.எஸ்.எச். கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்கும். தொட்டி நிரம்பி வழிகிறது, அவர் எப்போதோ கையை எடுத்துவிட்டார்.

அவர் கையை எடுத்த பிறகும் மோட்டார் ஏன் ஓடுகிறது? வேறு யாரோ ஸ்விட்சை அழுத்திக்கொண்டு இருக்கிறார்கள். அந்த இன்னொரு கைதான் ஆன்டிபாடி.

நம் உடம்பில் கிருமி நுழைந்தால் அதைப் பிடிக்க ரத்தத்தில் சில புரதங்கள் உண்டாகும். அவற்றுக்குத்தான் ஆன்டிபாடி என்று பெயர். தமிழில் எதிர்ப்பொருள் என்பார்கள். சிலருக்கு இந்தப் பாதுகாப்புப் படை ஆள் தெரியாமல் சொந்த உறுப்பு மேலேயே பாய்ந்துவிடும். தைராய்டு விஷயத்தில் ஒரு வினோதம் இருக்கிறது. மற்ற இடங்களில் ஆன்டிபாடி பாய்ந்தால் உறுப்பு சேதமாகும். இங்கே அது போய் டி.எஸ்.எச். உட்காருகிற அதே இடத்தில் உட்கார்ந்து, சுரப்பியை "ஓடு, ஓடு" என்று விரட்டுகிறது. தொட்டி நிரம்பியது அதற்குத் தெரியாது. அதற்குக் கண் இல்லை.

இந்த நோய்க்கு கிரேவ்ஸ் நோய் என்று பெயர். ராபர்ட் கிரேவ்ஸ் அயர்லாந்தில் டப்ளின் நகரத்து டாக்டர். 1835ல் அவர் விவரித்த நோயாளிகள் எல்லாம் பெண்கள், கடுமையான நெஞ்சுப் படபடப்பும் கழுத்து வீக்கமும் உள்ளவர்கள். காரணம் அவருக்குத் தெரியவில்லை. தெரிய நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1956ல் நியூசிலாந்தில் ஆடம்ஸ், பர்வ்ஸ் என்ற இரண்டு பேர் இந்த நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து கினிப் பன்றிக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அதனுடைய தைராய்டும் வேகம் பிடித்தது. டி.எஸ்.எச். கொடுத்தால் வருகிற வேகத்தைவிட ரொம்ப நேரம் நீடித்தது. ரத்தத்தில் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. அதே வருஷம் லண்டனில் டெபோரா டோனியாக் என்ற பெண் டாக்டரும் அவருடன் வேலை செய்தவர்களும், தைராய்டு அழிந்துபோகிற வேறொரு நோயிலும் ஆன்டிபாடி இருப்பதைக் காட்டினார்கள். ஆக, சுரப்பியை விரட்டுகிறதும் ஆன்டிபாடி, அழிக்கிறதில் பங்கெடுக்கிறதும் ஆன்டிபாடி. இரண்டும் ஒன்றில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, லேப் சீட்டு பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

கிரேவ்ஸ் வந்தால் எப்படித் தெரியும்? நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கும். நெஞ்சு படபடக்கும். மார்கழியிலும் ஃபேன் கேட்கும். வேர்த்துக் கொட்டும். தூக்கம் வராது. அடிக்கடி வெளிக்குப் போகும். மாதவிலக்கு தள்ளிப்போகும், இல்லை, சொட்டுச் சொட்டாக நின்றுவிடும். சிலருக்குக் கண் முழி பிதுங்கினாற்போல் ஆகும். கை நடுங்கும்.

இந்தக் கை நடுக்கம் பற்றி ஒன்று சொல்லியே ஆகணும். என்னிடம் ஒரு தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தது அவள் வீட்டுக்காரர் இல்லை, அவள் குழு. தீர்மான நோட்டு எழுதுகிறவள் அவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்குமாம். நாலு மாதத்தில் எழுத்து கோணலாகிக்கொண்டே வந்திருக்கிறது. கூட்டத்தில் சின்னப் பேச்சுக்கெல்லாம் எரிந்து விழுந்திருக்கிறாள், அழுதிருக்கிறாள். வீட்டில் "திமிரு பிடிச்சுப்போச்சு" என்று பேசியிருக்கிறார்கள். மாமியார் மந்திரிக்கவும் கூட்டிப் போயிருக்கிறார். குழுவின் ஊக்குநர் அக்கா மட்டும் நோட்டையே கையில் எடுத்துக்கொண்டு வந்து, "ஜனவரி எழுத்தைப் பாருங்க, மே மாச எழுத்தைப் பாருங்க டாக்டரம்மா" என்றார். அதைவிட நல்ல ரிப்போர்ட்டை எந்த லேபும் எனக்குக் கொடுத்ததில்லை. நாடி நிமிஷத்துக்கு 128 இருந்தது. மருந்து தொடங்கி இரண்டு மாதத்தில் எழுத்து பழையபடி ஆகிவிட்டது. கோபமும் போய்விட்டது. கோபக்காரி என்று பேர் வாங்கிய பெண்களில் எத்தனை பேருக்குக் கழுத்தில் காரணம் இருந்ததோ என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

இப்போது லேப் சீட்டுக்கு வருவோம். டி.எஸ்.எச். குறைந்து டி3, டி4 ஏறியிருக்கிறது என்றால் தைராய்டு ஹார்மோன் கூடுதல் என்று தெரியும். ஏன் கூடுதல் என்று அதில் தெரியாது. கிரேவ்ஸாக இருக்கலாம். சுரப்பியில் கட்டி இருந்து அது தன் இஷ்டத்துக்குச் சுரக்கலாம். சுரப்பி புண்ணாகி, சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாகக் கசியலாம். பிள்ளை பெற்ற ஒரு வருஷத்துக்குள் சிலருக்கு வருவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகை. மோட்டார் ஓடவில்லை, தொட்டி உடைந்து ஒழுகுகிறது. மோட்டாரை நிறுத்துகிற மருந்தான கார்பிமசோல் இதற்கு உதவாது. படபடப்புக்கு மட்டும் புரோப்ரனலால் மாதிரி ஏதாவது கொடுத்துக் காத்திருந்தால் தானே அடங்கும். சிலருக்கு அதற்குப் பிறகு தைராய்டு குறைந்து போகும், அதையும் கவனிக்கணும்.

இதைப் பிரித்துச் சொல்கிற ரத்தப் பரிசோதனைதான் டி.எஸ்.எச். ரிசெப்டார் ஆன்டிபாடி. சுருக்கமாக டிராப் என்பார்கள். ஸ்விட்சை அழுத்துகிற அந்த இன்னொரு கையையே இது அளக்கிறது. மருந்து தொடங்காத கிரேவ்ஸ் நோயாளிகளில் 100க்கு 90 பேருக்கு மேல் இது இருக்கும். ஒழுகுகிற வகையில் பெரும்பாலும் இருக்காது.

எல்லா ஊர் லேபிலும் இதைச் செய்யமாட்டார்கள். சாம்பிள் எடுத்துப் பெரிய நகரத்துக்கு அனுப்புவார்கள். டி.எஸ்.எச். பார்க்க ஆவதைப்போல் பல மடங்கு செலவாகும். ஆகையால் உள்கடன் வாங்கிப் பார்க்கிற அளவுக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்கத்தான் வேண்டும். கண் பிதுங்கி, கழுத்து முழுக்க வீங்கி வந்தால் பார்த்ததுமே கிரேவ்ஸ் என்று தெரியும். அவர்களுக்குத் தொடக்கத்தில் இது இல்லாமலும் வைத்தியம் ஆரம்பிக்கலாம். சந்தேகம் இருக்கும்போது பார்த்தால் தேவையில்லாத மாத்திரையில் இருந்து தப்பிக்கலாம்.

இன்னொரு பெயரும் சீட்டில் இருக்கும், ஆன்டி டி.பி.ஓ. என்று. ஊர் ஊராக விற்கிற முழு உடல் பரிசோதனைத் திட்டங்களில் இதைச் சேர்த்துவிடுகிறார்கள். சிவப்பு எழுத்தில் "அதிகம்" என்று வந்ததும் பயந்து ஓடி வருகிறீர்கள். கிரேவ்ஸ் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இது இருக்கும் என்பது உண்மை. ஆனால் தைராய்டு குறைந்தவர்களுக்கும் இருக்கும். ஒரு நோயும் இல்லாத பெண்களில் 10 பேரில் ஒருத்தருக்காவது இருக்கும். நோய் எந்தப் பக்கம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. உங்களுக்குப் பிறகாலத்தில் தைராய்டு குறைய வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்று சொல்லும், அவ்வளவுதான். ஒரு தடவை இருக்கிறது என்று தெரிந்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதையே பார்த்துக் காசைக் கரைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காசுக்கு முட்டை வாங்கிச் சாப்பிடலாம்.

டிராப் பரிசோதனை இன்னொரு சமயத்திலும் உதவும். கார்பிமசோல் வழக்கமாக 12 முதல் 18 மாதம் கொடுப்போம். நிறுத்துவதற்கு முன் டிராப் பார்த்தால், இன்னும் அந்தக் கை ஸ்விட்சில் இருக்கிறதா என்று தெரியும். டி.எஸ்.எச். நார்மலாகிவிட்டது, உடம்பு நல்லாயிருக்கு என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல். மாத்திரை மோட்டாரைப் பிடித்து வைத்திருக்கிறது, ஆன்டிபாடி போகவில்லை. ஆன்டிபாடி அதிகமாக இருக்கும்போது நிறுத்தினால் நோய் திரும்ப வருகிற வாய்ப்பு அதிகம். ஆன்டிபாடி மறைந்து நிறுத்தினாலும் சிலருக்குத் திரும்பும், அதனால் நிறுத்திய முதல் வருஷம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்கணும்.

மாத்திரை பற்றிப் பேசும்போதே ஒரு எச்சரிக்கை. கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சலோடு தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுப் படுக்காதீங்க. கார்பிமசோலை அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்க. ஆயிரத்தில் சிலருக்கு அது அடியோடு இறங்கிவிடும். அபூர்வம்தான். ஆனால் ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்து.

இனி வயிற்றுப்பிள்ளை விஷயம். கல்யாணமாகாத பெண் வீட்டில் இருக்கிறவர்கள் கூடக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க.

ஒரு பொண்ணுக்கு 22 வயதில் கிரேவ்ஸ். மாத்திரையில் அடங்கவில்லை. ரேடியோ அயோடின் கொடுத்துச் சுரப்பியைச் சுருக்கிவிட்டார்கள். அது நல்ல வைத்தியம்தான். அதற்குப் பிறகு தைராய்டு குறையும், தைராக்சின் சாப்பிடணும். அவளும் சாப்பிட்டாள். மூன்று வருஷம் கழித்துக் கர்ப்பம். பதிவு செய்யும்போது "தைராய்டு இருக்கா" என்று கேட்டார்கள். "இருக்கு, மாத்திரை சாப்பிடறேன்" என்றாள். தைராக்சின் என்று அட்டையில் எழுதிக்கொண்டார்கள். டி.எஸ்.எச். நார்மல். எல்லோருக்கும் திருப்தி. ஏழாவது மாதம் ஸ்கேனில் பிள்ளையின் இதயம் நிமிஷத்துக்கு 180க்கு மேல் துடித்தது. வளர்ச்சியும் குறைவு. அப்போதுதான் என்னிடம் அனுப்பினார்கள். ஒரே கேள்விதான் கேட்டேன்: "இந்த மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உனக்கு என்னம்மா இருந்துச்சு?"

நடந்தது இதுதான். அவளுடைய சுரப்பி போய்விட்டது. ஆன்டிபாடி போகவில்லை. ஸ்விட்சை அழுத்துகிற கை இருக்கிறது, அழுத்த மோட்டார்தான் இல்லை. ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். அங்கே ஒரு புது மோட்டார் அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது. அம்மாவின் ரத்தத்தில் டி.எஸ்.எச். நார்மல், பிள்ளைக்குத் தைராய்டு கூடுதல். டிராப் பார்த்தோம், மேல் எல்லையைப்போல் பல மடங்கு இருந்தது. அம்மா வழியாகப் பிள்ளைக்கு மருந்து கொடுத்தோம், அம்மாவுக்குத் தைராக்சினையும் தொடர்ந்தோம். பிள்ளை சீக்கிரமே பிறந்தது, சில நாள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்தது, மூன்று மாதம் சொட்டு அளவில் மருந்து சாப்பிட்டது. அம்மா கொடுத்த ஆன்டிபாடி கரைந்ததும் சரியாகிவிட்டது. இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

எல்லா அம்மாக்களுக்கும் இப்படி ஆகாது. கிரேவ்ஸ் உள்ள அல்லது இருந்த அம்மாக்களின் பிள்ளைகளில் 100க்கு ஒன்றிலிருந்து ஐந்து வரைதான் பாதிக்கப்படுகிறார்கள். யார் அந்த ஒருத்தி என்று முன்கூட்டியே சொல்வது டிராப். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஒருமுறை பார்க்கணும். இருந்தால் ஐந்தாம் மாதத்தை ஒட்டி மறுபடி. மேல் எல்லையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் ஸ்கேனில் பிள்ளையின் இதயத்துடிப்பு, வளர்ச்சி, கழுத்து எல்லாம் பார்த்துக்கொண்டே வருவோம். பிறந்த பிறகும் இரண்டு வாரம் கவனம் தேவை. நன்றாகப் பால் குடித்தும் எடை ஏறாமல், தூங்காமல், படபடவென்று இருக்கிற பிள்ளையை "சவலை" என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்தவர்களுக்கும் இதே கதைதான். அவர்களுக்கு ஆன்டிபாடி மெல்ல மெல்லக் குறையும். ரேடியோ அயோடின் எடுத்தவர்களுக்கு முதலில் ஏறிப் பிறகுதான் இறங்கும், சில சமயம் வருஷக்கணக்கில் இருக்கும்.

கார்பிமசோல் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிற பொண்ணுங்க பிள்ளைக்கு முயற்சி செய்வதற்கு முன்னாலேயே வந்து சொல்லணும். முதல் மூன்று மாதத்தில் அந்த மாத்திரை பிள்ளைக்கு ஊனம் உண்டாக்கலாம். மாற்று மருந்து உண்டு, பி.டி.யு. என்று. நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே வாங்க. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம்.

மசக்கை வாந்தி அதிகமுள்ள சிலருக்கு முதல் மூன்று மாதத்தில் டி.எஸ்.எச். குறைவாகக் காட்டும். கர்ப்ப ஹார்மோனே சுரப்பியைக் கொஞ்சம் தூண்டுவதால் வருவது அது. ஆன்டிபாடி இருக்காது, கண் பிதுங்காது. தானே சரியாகும். இதற்கும் கிரேவ்ஸுக்கும் வித்தியாசம் தெரியாமல் பயந்து கர்ப்பத்தையே கலைக்கலாமா என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படி முடிவெடுக்காதீங்க.

சீட்டு வந்திருக்கிறது, இரண்டு கேள்வி. "தைராய்டு கூடினவங்க அயோடின் உப்பை நிறுத்தணுமா?" வேண்டாம். சமையலில் போடுகிற உப்பால் உங்கள் கிரேவ்ஸ் வரவில்லை. உப்பை மாற்றினால் வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம். ரேடியோ அயோடினுக்குத் தயார் செய்யும்போது சில நாள் டாக்டர் தனியாகச் சொல்லலாம், அது வேறு.

அடுத்தது: "முடி கொட்டுதுன்னு மாத்திரை சாப்பிடறேன், தைராய்டு டெஸ்டுக்கு அது ஒண்ணும் பண்ணாதே?" இந்தக் கேள்வியை எழுதின தங்கச்சி யார்? நல்ல கேள்வி. பண்ணும். முடிக்கும் நகத்துக்கும் விற்கிற மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் அளவுக்கு மீறி இருக்கும். சில லேப் இயந்திரங்களில் அது டி.எஸ்.எச்.சைக் குறைத்தும், டி4ஐக் கூட்டியும், ஆன்டிபாடி இருப்பது போலவும் காட்டிவிடும். நோயே இல்லாமல் சீட்டில் கிரேவ்ஸ் வந்துவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்துங்க. அளவு அதிகமான மாத்திரையாக இருந்தால் இன்னும் சில நாள். லேபிலும் டாக்டரிடமும் சொல்லுங்க.

தலைவியம்மா கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். தாய் சேய் அட்டை வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்க. முன்னால் எப்போதாவது தைராய்டு கூடுதலாக இருந்து, மாத்திரையோ ஆபரேஷனோ ரேடியோ அயோடினோ எடுத்திருந்தால், எந்த வருஷம் என்று அதில் நர்ஸம்மாவை எழுதச் சொல்லுங்க. பழைய சீட்டு தொலைந்திருந்தாலும் வாய்ச்சொல்லே போதும். பழைய ரிப்போர்ட்டை இங்கேயே கொண்டு வந்திருக்கிறவர்கள் சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பக்கத்து அறைக்கு வாங்க. மூன்றரை மணி பஸ் வரைக்கும் இருக்கிறேன்.